தாய் பெயர் சொல்லாமல் வந்த குட்டி

லஸ்ஹர் எங்கள் வாசலில் வந்து நின்றதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நேராக வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "மதினி, மலாக்குக்கு ஒரு ஸ்லூகிக் குட்டி கேட்டு வச்சிருக்கேன். நல்ல ரத்தம். திங்கக்கிழமை போய் வாங்கிட்டு வந்துடலாம்."

என் கணவர் பல்காசிமை வாதி கஸ்வா என்ற காட்டாற்றின் வெள்ளம் கொண்டுபோய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். பிக்கப்பில் அவரும் நானும் முன்னால். அவருடைய வேட்டைநாய், ஸ்லூகி ரீஷா, பின்னால். நான் ஒரு முள்மரத்தில் சிக்கிப் பிழைத்தேன். அவர் வெள்ளிக்கிழமைதான் கிடைத்தார், வாதியின் கீழ் வளைவில், பாறைகளுக்கு நடுவே. ரீஷா கிடைக்கவே இல்லை.

தேடப் போனவர்களுக்கெல்லாம் முன்னால் நடந்தவன் என் கணவரின் தம்பி லஸ்ஹர். "ரீஷாவும் போயிட்டா, மதினி" என்று வந்து சொன்னவனும் அவன்தான்.

அந்தக் குளிர்காலமே அவனுக்கு லுவாஜ் ஓட்ட லைசென்ஸ் கிடைத்தது. எட்டுப் பேர் நிரம்பியதும் கிளம்பும் வண்டி. வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு. எத்தனையோ பேர் பத்து வருடமாக மனு போட்டுக் காத்துக் கிடக்கும் காகிதம் அது. அல்லாஹ் கண் திறந்தான் என்று நான் இரண்டு ரக்அத் தொழுதேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாவும் எண்ணெயும் கேஸ் சிலிண்டரும் அந்த வண்டியில்தான் வந்தன. மலாக்கைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் அவன் முதல் சவாரிக்கே போவான்.

மலாக்குக்குப் பன்னிரண்டு வயது. வாப்பா போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால்தான் குட்டி என்றதும் சரி என்றேன்.

"நீயே வாங்கிட்டு வந்துடேன், தம்பி. நாங்க எதுக்கு அவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டேன்.

"நானும் அதைத்தான் சொன்னேன். குட்டியைக் கொடுக்கிற துஹாமி ஒத்துக்க மாட்டேங்கறார். வீட்டுக்காரம்மா கையாலதான் வாங்கணுமாம். அண்ணன் பர்னூஸையும் எடுத்துக்குங்க."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. அலுப்பு என்று நினைத்தேன்.

ஸ்லூகியை எங்கள் பக்கம் யாரும் விற்பதில்லை. கொடுப்பார்கள். வாங்குகிற வீட்டு ஆளின் பர்னூஸில், அந்தத் தலைக்கூம்பு வைத்த கம்பளி மேலங்கியில் சுற்றி, வாசல் தாண்டும்வரை கால் தரையில் படாமல் கொண்டுவர வேண்டும். கொடுக்கிறவர் குட்டியின் தாய் யார், அவளுடைய தாய் யார், எந்த நாளில் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தாள் என்று வரிசையாகச் சொல்லித்தான் ஒப்படைப்பார். வாங்கியவர் வீட்டுக்கு வந்து அதையே குட்டியின் காதில் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் பொய் சொன்னவன் வீட்டில் ஒருவரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

திங்கள் காலை ஃபஜ்ர் முடிந்ததும் கிளம்பினோம். பெட்டியிலிருந்து பர்னூஸை எடுத்தபோது கம்பளியில் இன்னும் அவருடைய புகையிலை வாசனை இருந்தது. வெள்ளத்தன்று வெயில் என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதனால் அது மட்டும் மிஞ்சியது.

துஹாமியின் ஊரான பீர் அத்லாவுக்கு நாலு மணி நேரம்.

துஹாமி அறுபது வயது ஆள். பெரிய இடங்களில் சொல் எடுபடுகிற மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். வல்லூறு வைத்து வேட்டையாடுபவர். ஆனால் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையனைப்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

"வா தங்கச்சி. இந்த வீடு உனக்குக் கடன்பட்ட வீடு."

வந்தவர்களிடம் சொல்லும் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் மனைவி ஸக்கியா தேநீர் கொண்டுவந்தாள். முதல் கோப்பை முடியும் முன்பே லஸ்ஹர் எழுந்துவிட்டான்.

"கிளம்பலாம் மதினி. வெயில் ஏறிடும்."

"என்னய்யா, நெருப்பு எடுக்க வந்தவன் மாதிரி?" என்றாள் ஸக்கியா. "மூணு கோப்பை குடிக்காம இந்த வாசலைத் தாண்டினவன் ஒருத்தன்தான். அவன் கோழி திருட வந்தவன்."

மலாக் என்னைப் பார்த்தாள். லஸ்ஹர் சிரிக்கவில்லை.

குட்டியைத் துஹாமியே தூக்கி வந்தார். ஆறு வாரக் குட்டி, பெட்டை. மணல் நிறம், கரி பூசிய முகம், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். நான் பர்னூஸை விரித்தேன்.

அப்போதுதான் முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்புக் கதவு அதிர்ந்தது. உள்ளே ஏதோ பிறாண்டிற்று. பிறகு ஒரு அழுகை. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. மூச்சு வாங்கி வாங்கி ஒருவர் கூப்பிடுவது போன்ற குரல்.

"தாய்," என்றார் துஹாமி, என்னைப் பார்க்காமல்.

குட்டியைப் பிரிகிற அழுகை என்று நினைத்தேன். "காட்டுங்களேன், ஒரு தடவை பாத்துட்டுப் போறோம்," என்றேன்.

"வேண்டாம் மதினி," என்றான் லஸ்ஹர். "பார்த்தா அது பின்னாடியே ஓடி வரும்."

துஹாமி குட்டியைப் பர்னூஸில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவளோட தாய்..." என்று ஆரம்பித்தார்.

"நேரமாச்சு!" லஸ்ஹர் நடுவில் புகுந்தான். "எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. வழியில நான் சொல்லிக்கிறேன்."

துஹாமி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சொல்ல வந்ததை விழுங்கியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டதை வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். இரும்புக் கதவு அப்போதும் அதிர்ந்துகொண்டிருந்தது.

குட்டி முதல் இருபது கிலோமீட்டர் அழுதது. அடுத்த இருபதில் பின் சீட்டில் வாந்தி எடுத்தது. அதற்கடுத்து மலாக் மடியை நனைத்தது.

"மொத நாளே சீட்டுக்கு முத்திரை குத்திடுச்சு," என்றான் லஸ்ஹர். "இனி எந்த சவாரி உட்காருவான்?"

"இது எங்க வண்டின்னு சொல்லுது, சாச்சா," என்றாள் மலாக்.

மத்மாத்தா தாண்டி ஒரு சோதனைச் சாவடி. காவலர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பர்னூஸுக்குள்ள என்ன?"

"என் தங்கச்சி," என்றாள் மலாக்.

"தங்கச்சிக்கு வால் இருக்கே?"

"அது சாச்சா ஜாடை."

காவலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாயைப் பயணிகள் வண்டியில ஏத்தக் கூடாதுன்னு தெரியுமில்ல, லஸ்ஹர்?"

"நாயா? எங்க இருக்கு நாய்? இது ஸ்லூகி."

"அதுவும் சரிதான். போ போ."

வண்டி நகர்ந்ததும் மலாக் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, கடைசியில் கண்ணில் நீர் வரும் வரை. குட்டி பயந்துபோய்ப் பர்னூஸிலிருந்து தலையை நீட்டி அவள் தாடையை நக்கியது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்துக் கேட்ட சத்தம்.

"உனக்கு இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் தம்பி?" என்றேன்.

கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. கஸ்வா வழியாகப் போனால் ஒரு மணி நேரம் மிச்சம். அவன் நெடுஞ்சாலைக்கே திருப்பினான்.

"உங்களுக்காகத்தான் மதினி. அந்த இடத்தை நீங்க பார்க்க வேண்டாம்."

அதையும் நன்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் வீடு வந்தோம். வாசல் தாண்டி, அடுப்பங்கரை மூலையில் பர்னூஸை வட்டமாக வைத்து அதன் நடுவில் குட்டியை விட்டேன். முதல் தடவையாகத் தரையில் கால் வைத்தாள். நாலு கால்களும் நாலு திசைக்கு வழுக்கின. எழுந்து சுவரோரமாக ஒரு சுற்று சுற்றினாள், வாசலுக்குப் போய் நின்று அழுதாள்.

பேரீச்சம்பழத்தை மசித்து ஆட்டுப்பாலில் கரைத்து உள்ளங்கையில் ஏந்தினேன். முகர்ந்தாள். குடிக்கவில்லை. மலாக் ஏந்திப் பார்த்தாள். அதற்கும் இல்லை.

"தாய் பேரு சொல்லலையே உம்மா, அதான்," என்றாள் மலாக்.

லஸ்ஹர் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான், வண்டியைக் கழுவ. "வழியில சொல்றேன்னியே தம்பி," என்று நினைவுபடுத்தினேன்.

"ஆமால்ல." வாளி நிரம்பி வழிந்தது. "தாய் பேரு ஹம்ரா. அவளோட தாய் ஸஹ்வா. எல்லாம் துஹாமி வீட்டுலயே பிறந்ததுங்க. வேற கை எதுவும் மாறல."

மலாக் மண்டியிட்டு, அந்தப் பட்டுக் காதைத் தூக்கி, பயபக்தியோடு அதைச் சொன்னாள். லஸ்ஹர் வாளியோடு வெளியே போனான். கைப்பேசியை அடுப்பங்கரைத் திட்டில் சார்ஜில் விட்டுவிட்டுப் போனான்.

நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. மலாக் எடுத்தாள்.

"சாச்சா வண்டி கழுவுறார். நான் மலாக்."

"நீயா புள்ள? ரொம்ப நல்லதாப் போச்சு." ஸக்கியாவின் குரல் எனக்கே கேட்டது, கிணற்றடியில் பேசுகிற குரல் அவளுக்கு. "உங்க உம்மா பக்கத்துல இல்லையே?"

மலாக் என்னைப் பார்த்தாள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, மாவு ஒட்டிய கையை அசைத்து இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

"இல்ல மாமி."

"அப்ப நோட்டு எடுத்து எழுதிக்கோ. தாய் பேரு சொல்லாம குட்டியை அனுப்பிட்டோமேன்னு என் வீட்டுக்காரர் சோறு இறங்காம உக்காந்திருக்கார். உங்க சாச்சா கேட்டுக்கிட்டதால வாயை மூடினார். உம்மா முன்னாடி அந்தப் பேரை எடுத்தா அவங்க தாங்க மாட்டாங்கன்னு சொன்னாராம். சரி, புள்ளைகிட்ட சொல்லலாமில்ல. எழுதுறியா?"

மலாக் கணக்கு நோட்டைப் பிரித்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"குட்டியோட தாய், ரீஷா."

பென்சில் நின்றது.

"எந்த ரீஷா, மாமி?"

"உங்க ரீஷாதான். வேற எந்த ரீஷா? அவ தாய் ஷம்ஆ, உங்க வாப்பாவுக்கு அவங்க வாப்பா கொடுத்தது. அது உனக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப கைமாறினதை எழுது. ரீஷாவைக் கொடுத்த கை, பல்காசிமோட விதவை ஸல்ஹா. கொண்டு வந்த கை, அவர் தம்பி லஸ்ஹர். வாங்கின கை, துஹாமி. நாள், வெள்ளத்துக்கு மறுநாள் புதன்கிழமை, அஸர் நேரம். எழுதிட்டியா?"

மலாக் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"உங்க வாப்பாகிட்ட மூணு தடவை கேட்டு மூணு தடவையும் இல்லைன்னுட்டார், தெரியுமா? உங்க உம்மா அந்த சோகத்துலயும் அவளை அனுப்பி வச்சாங்க. அதுக்குத்தானே என் வீட்டுக்காரர் அலைஞ்சு திரிஞ்சு உங்க வீட்டுக்கு அந்த வண்டி லைசென்ஸை வாங்கிக் கொடுத்தார். முதல் ஈத்துல பெட்டைக் குட்டி உங்களுக்குன்னு அன்னைக்கே பேச்சு. ஆனா பாவம் புள்ள, அவ இன்னைக்கு அந்தக் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தம். வாப்பா பர்னூஸ் வந்த வாசனை. இன்னும் நீங்க நின்ன இடத்துலயே படுத்துக் கிடக்கா. சரி, வச்சிடறேன். உம்மாகிட்ட சொல்லிடாத."

மாவு என் கையில் காய்ந்து இறுகியது.

நோட்டை வாங்கி நானே படித்தேன். வெள்ளத்துக்கு முன்புவரை இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள் நான். ஒரு வரியை இரண்டாவது முறை படித்ததில்லை. அன்று அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நான் விதவை என்று எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பே துஹாமி வாசலில் அந்தப் பெயரை எனக்கு வைத்து, என் கையால் கொடுத்ததாக என் கணவரின் உயிரைப் போன்ற ஒன்றைக் கொடுத்தாகிவிட்டது.

வெளியே வந்தேன். லஸ்ஹர் பின் சீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாத்தம் போகவே மாட்டேங்குது மதினி. உங்க வீட்டுப் புது ராணி..."

"இதுல ஒரு பிழை இருக்கு தம்பி. பார்த்துச் சொல்லு. புதன்கிழமைன்னு எழுதியிருக்கு. நான் வெள்ளிக்கிழமைதானே விதவையானேன்?"

அவன் நோட்டைப் பார்த்தான். ஈரத் துணி கையிலிருந்து விழுந்தது. வண்டியின் படியில் உட்கார்ந்தான்.

"அந்தத் தண்ணியில யாரு மதினி பிழைக்க முடியும்? எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில என் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து சொன்னியே, 'அண்ணன் நீந்துவார், எங்கயாவது கரை ஏறியிருப்பார்'னு. அதை நம்பித்தான் நான் சூப் குடிச்சேன். ஒரு கிண்ணம். நீதான் ஊட்டின."

"உங்களைப் பிழைக்க வைக்கத்தான் சொன்னேன்."

"முதல் நாள் என்னை விதவைன்னு சொல்லிட்டு வந்த வாயால."

"வீட்டுல ஆம்பளை இல்ல. நான் வேலையில்லாம சுத்திட்டிருந்தவன். உங்களுக்கும் மலாக்குக்கும் யாரு சோறு போடுவா? துஹாமி ஒரு வார்த்தை சொன்னா லைசென்ஸ் கிடைக்கும்னு தெரியும். அவர் அவளைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார்..." ஈர வண்டியைக் கையால் தட்டினான். "இந்த வண்டியிலதான் நாம எல்லாரும் சாப்பிட்டோம், மதினி."

உண்மைதான். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. இரண்டு வருடமாக நான் தின்ற ஒவ்வொரு ரொட்டியும் திரும்பத் தொண்டைக்கு வந்தது. அவனுக்காக நான் தொழுத தொழுகையும்.

மலாக் வாசலில் வந்து நின்றிருந்தாள். "சாச்சா, நீங்க சொன்ன பொய்யை நான் அவ காதுல சொல்லிட்டேன்," என்றாள். அவ்வளவுதான். அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அவனை என்றாவது மன்னித்திருப்பேனோ என்னவோ.

"ரீஷாவை எங்க பிடிச்ச?"

"மதினி, வேண்டாம்."

"எங்க?"

"கீழ் வளைவுல." மூடிய கைகளுக்குள்ளிருந்து வந்தது குரல். "பாறைக்கிட்ட. புதன்கிழமை காலையில. தனியாப் போயிருந்தேன்."

"கூப்பிட்டதும் வந்தாளா?"

வாளியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வரல. அங்கேயே நின்னு கத்தினா. பாறையைச் சுத்திச் சுத்தி வந்தா. கயிறு போட்டுத்தான் இழுத்துட்டு வந்தேன்."

ரீஷா என் கணவரை விட்டுப் பத்தடி தள்ளி நின்று யாரும் பார்த்ததில்லை. அது அவனுக்கும் தெரியும்.

"பாறைக்குப் பின்னாடி போய்ப் பார்த்தியா, லஸ்ஹர்?"

அவன் தலை நிமிரவில்லை.

நான் உள்ளே வந்துவிட்டேன். மலாக் குட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கு நோட்டைத் தரையில் விரித்திருந்தாள்.

"சரியானதைச் சொல்லணும் உம்மா. சாச்சா பேரையும் சொல்லணுமா?"

"சொல்லு. கொண்டு வந்த கை அதுதானே."

"உங்க பேரு?"

"என் பேரை விட்டுடு. நான் கொடுக்கல."

அவள் ரப்பரால் என் பெயரை அழித்தாள். அழித்த இடத்தில் காகிதம் கொஞ்சம் கிழிந்தது. பிறகு மற்றக் காதைத் தூக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ரீஷாவின் மகள். ஷம்ஆவின் பேத்தி. கொண்டு போன கை லஸ்ஹர். கொடுத்த கை யாரும் இல்லை.

குட்டிக்கு எது புரிந்ததோ. பர்னூஸின் தலைக்கூம்புக்குள் மூக்கை நுழைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, படுத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து என் உள்ளங்கையிலிருந்து பால் குடித்தாள். சின்ன நாக்கு, சுடச்சுட.

அவள் குடித்து முடித்ததும் கையைக் கழுவினேன். முக்காட்டைச் சரி செய்துகொண்டு மறுபடி வெளியே வந்தேன். லஸ்ஹர் இன்னும் அந்தப் படியிலேயே இருந்தான். அவனைத் தாண்டி, கதவைத் திறந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க மதினி?" என்றான்.

"முதல்ல கீழ் வளைவுக்கு. பாறைக்குப் பின்னாடி நீ என்ன பார்த்தேன்னு அங்க நின்னு சொல்லப் போற. அப்புறம் பீர் அத்லா. அங்க ஒருத்தி கதவுகிட்ட படுத்திருக்கா."

நான் கைப்பிடியை இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"வண்டியை எடு. நிரம்பிடுச்சு."